காவல் களவாகாதிருக்க



ஆதிபகவன் விருஷபதேவர் தம் புதல்வியராகிய பிராமி, சுந்தரி இருவரையும் அருகமர்த்தி எழுத்தையும் எண்ணையும் கற்பித்தருளினார் என்பது நம் புராணங்கள் போற்றும் செய்தியாகும். அந்த எண்ணும் எழுத்தும் இன்று கைப்பேசி என்னும் சிறு கருவிக்குள் அடங்கி, நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்கு வந்துவிட்டன. கருவியை வாங்கிக் கொடுத்தோம். பகவான் செய்தது போல் அருகமர்த்திக் கற்பித்தோமா என்பதை ஒவ்வொரு இல்லத்தாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

1990-களில் தொலைபேசி இருந்த வீடுகளில் அது கூடத்தில் இருந்தது. மணி அடித்தால் வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் கேட்கும். பிள்ளையை யார் அழைக்கிறார், எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதை ஒருவரும் தனியே கண்காணிக்க வேண்டியதில்லை. வீட்டின் அமைப்பே காவலாக இருந்தது. இன்று அக்காவல் இல்லை. பிள்ளை தன் அறையில் இருக்கிறாள், கதவும் தாழிடப்பட்டிருக்கிறது, ஆகையால் நலமாக இருக்கிறாள் என்று தாய் எண்ணுகிறாள். ஆனால் அவளது குரலோ ஊர் கடந்து, பெயர் அறியாத ஒருவரிடம் சென்றுகொண்டிருக்கலாம். இந்நிலையில் பிள்ளையின் அழைப்புகளைப் பெற்றோர் கவனித்தல் தகுமா, தகுமெனின் எவ்வாறு கவனிப்பது என்பதை அருகன் அறநூல்களின் ஒளியில் இங்கே சிந்திப்போம்.

எல்லையைக் கடக்கும் குரல்

சிராவகர்க்குரிய பன்னிரு விரதங்களுள் தேசவிரதமும் ஒன்று. குறிப்பிட்ட காலத்திற்கு இந்த வீடு, இந்தத் தெரு, இந்த ஊர் என்று எல்லை வகுத்து, அதற்கப்பால் செல்வதில்லை என உறுதி பூணுவதே அவ்விரதம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். எல்லைக்கு வெளியிலிருந்து பொருளைக் கொண்டுவரச் செய்தல், வெளியே ஆளை ஏவுதல், குரலைச் செலுத்துதல், உருவைக் காட்டுதல், கல் முதலியன எறிந்து குறிப்புணர்த்துதல் என்பன அவை. சமந்தபத்திராசாரியரும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவற்றையே மொழிந்துள்ளார்.

இவற்றுள் மூன்றாவதாகிய சப்தானுபாதத்தையும், நான்காவதாகிய ரூபானுபாதத்தையும் உற்று நோக்குக. ஒருவன் எல்லைக்குள்ளேயே நிற்கிறான். கால் வெளியே வைக்கவில்லை. ஆனால் வெளியே நிற்பவனுக்குத் தெரியும்படி இருமிக் காட்டுகிறான். அல்லது தன் உருவை வெளிப்படுத்துகிறான். இதுவும் விரதத்திற்குக் குற்றமே என்கின்றனர் ஆசாரியர்கள். உடல் இருக்கும் இடத்தைக் கொண்டு மட்டும் ஒருவன் எங்கே இருக்கிறான் என்று அவர்கள் கணிக்கவில்லை. குரல் சென்ற இடத்திற்கு அவனும் சென்றவனே. உருவம் காட்டப்பட்ட இடத்திற்கு அவனும் சென்றவனே.

இந்நுட்பம் இன்றைய பெற்றோர்க்கு எத்துணை பொருத்தமாக அமைந்துள்ளது! தொலைபேசி அழைப்பு என்பது எல்லை கடந்த குரல். வீடியோ அழைப்பு என்பது எல்லை கடந்த உருவம். பிள்ளை வீட்டில் இருப்பது மட்டும் போதிய காவல் அன்று. பிள்ளை தெருவில் இறங்கினால் யாருடன் செல்கிறாய் என்று கேட்பது பெற்றோர் கடமை எனின், அவன் குரல் யாரிடம் செல்கிறது என்று கேட்பதும் கடமையே. ஆகவே கவனித்தல் தகும். ஒரு வயது வரை அது தேவையும் ஆகும்.

எனினும் தேசவிரதத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. அவ்விரதத்தைப் பிறர் ஒருவர்மேல் சுமத்துவதில்லை. எல்லையை அறிந்து, காலத்தை அறிந்து, தானே ஏற்றுக்கொண்டவனுக்கே அது விரதம். அறையில் பூட்டி வைக்கப்பட்டவன் வெளியே செல்லவில்லை என்பதற்காக அவனைத் தேசவிரதி என்று எவரும் கூறார். இவ்விரண்டாம் நுட்பத்தை மறந்தால் முதலாவதால் பயனில்லை.

தீங்கு வரும் வழி

பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியே வரும் தீங்குகள் பலவகைப்படும். அன்பொழுகப் பேசி அறிமுகமாகிப் படங்களைக் கேட்டு வாங்கிப் பின்னர் அச்சுறுத்துவோர் உளர். விளையாட்டின் வழியே நட்பாகிக் கைப்பேசி எண்ணைப் பெறுவோர் உளர். தந்தையின் வங்கிக் கணக்கிற்குரிய ஓ.டி.பி. எண்ணைப் பிள்ளையிடமிருந்து பேச்சுவாக்கில் பெற்றுப் பணத்தைக் கவர்வோர் உளர். உடன் பயிலும் மாணவரே கூடி ஒருவனை ஏளனம் செய்து மனம் நோகச் செய்வதும் உண்டு.

தீய நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ, மின்னணுக் கருவி வழியாகவோ மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். போக்சோ என வழங்கும் அச்சட்டம் 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. ஆகவே மகளைக் காத்தால் போதும், மகனுக்கு ஒன்றும் நேராது என்று இருந்துவிடுதல் அறியாமை. நம் இல்லங்கள் பலவற்றில் பெண்பிள்ளையின் கைப்பேசிக்கு ஆயிரம் கேள்விகள். ஆண்பிள்ளையின் கைப்பேசிக்கு ஒரு கேள்வியும் இல்லை. மகனும் வஞ்சிக்கப்படலாம். பிறர் மகளுக்குத் தீங்கிழைப்பவனாக அவனே மாறிவிடவும் கூடும். காவல் இருவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

பிள்ளைகளைக் குறிவைத்து வரும் தீயோன் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சொல்லும் சொல் ஒன்று உண்டு. 'இதை வீட்டில் சொல்லாதே' என்பதே அது. அவனுக்கு வேண்டியது இருள். பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் இடையே ஒரு திரை தொங்கினால்தான் அவன் காரியம் நடக்கும். அத்திரை ஏற்கெனவே வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் அவன் வேலை எளிதாகிவிடுகிறது.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் அழைக்கிறான். முதல்நாள் தவறுதலாக வந்த அழைப்பு என்கிறான். மறுநாள் நலம் விசாரிக்கிறான். பத்தாம் நாள் அவளுக்கு அச்சம் தோன்றுகிறது. தாயிடம் கூற வாயெடுக்கிறாள்; ஆனால் கூறவில்லை. ஏன்? கூறினால் கைப்பேசி பறிபோகும். தந்தை கேள்விப்பட்டால் படிப்பே நின்றுபோகும். பாட்டி உறவினரிடமெல்லாம் சொல்லிவிடுவாள் என்று அஞ்சுகிறாள். அவனிடம் கொண்ட அச்சத்தைக் காட்டிலும் நம்மிடம் கொண்ட அச்சம் பெரிதாக இருப்பதால் அவள் அவனிடமே சிக்கிக்கொள்கிறாள். பெற்றோர் பெருமக்களே, இதை ஆழ்ந்து எண்ணுக. நம் கண்டிப்பே அவனுக்குக் கதவு திறந்துவிடக் கூடாது.

கொடாததைக் கொள்ளுதல்

இவ்வாறு கூறியதும் சிலர், 'அப்படியாயின் பிள்ளைக்குத் தெரியாமலே கேட்டுவிடுவோம். அதற்கென்றே செயலிகள் கிடைக்கின்றனவே' என்பர். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

களவு என்பதற்கு நம் ஆகமம் தரும் இலக்கணம் மிகவும் எளியது. அதத்தாதானம், அதாவது கொடுக்கப்படாததைக் கொள்ளுதல். பொருளின் விலை அதில் பேசப்படவில்லை. எடுத்தவன் உறவினனா அயலானா என்பதும் பேசப்படவில்லை. கொடுக்கப்பட்டதா, இல்லையா என்பதொன்றே கேள்வி. ஒருவர் நெஞ்சில் உள்ளதும் அவர் மற்றொருவரிடம் பேசும் சொல்லும் அவருடைய உடைமைகளே. அவர் அறியாமல் அவற்றைக் கவர்தல் அசௌரிய விரதத்தின் உயிரைத் தொடுவதாகும்.

அசௌரிய விரதத்தின் அதிசாரங்களாக முதலில் கூறப்படுபவை இரண்டு: பிறரைக் களவுக்கு ஏவுதல், களவில் வந்த பொருளைப் பெற்றுக்கொள்ளுதல். 'தங்கை குளிக்கச் சென்றிருக்கும்போது அவள் கைப்பேசியைப் பார்த்துச் சொல்' என்று மகனை ஏவும் தந்தை முதலாவதைச் செய்கிறார். பக்கத்து வீட்டார் ஒட்டுக்கேட்டு வந்து கூறுவதை ஆவலோடு வாங்கிக்கொள்ளும் தாய் இரண்டாவதைச் செய்கிறாள். நோக்கம் அன்பாக இருக்கலாம். ஆயினும் அச்செயல் மாயை என்னும் கஷாயத்தின் துணையின்றி நடைபெறாது. பிள்ளைமுன் ஒன்றும் அறியாதவர் போல் நடித்து, பின்னால் எல்லாம் அறிந்திருப்பது மாயையன்றி வேறென்ன?

திருக்குறளின் அமைப்பும் இதை உணர்த்தும். மக்கட்பேறு பேசும் ஏழாம் அதிகாரம் இல்லறவியலில் உள்ளது. ஒற்றாடல் என்னும் அதிகாரமோ பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டுள்ளது. நாடாள்வோர்க்கு ஒற்றர் வேண்டும். பகைவரை அறிதல் அவர் தொழில். இல்லறத்தார் தம் மக்களிடத்தே ஒற்றாடுவராயின், மக்களைப் பகைவர் நிலையில் நிறுத்தியவர் ஆவர்.

உலகியல் நெறியும் இதனோடு ஒத்தே நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் முறையின்றித் தலையிடுதல் கூடாது என்கிறது. இந்தியா 1992-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

மேலும், மறைந்திருந்து ஒட்டுக்கேட்கும் செயலிகளால் விளையும் கேடு ஒன்றும் உண்டு. பிள்ளையின் பேச்சும் படமும் முதலில் சென்று சேர்வது யாரோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு. இவ்வகைச் செயலிகள் திரட்டி வைத்தவை கசிந்து வெளிப்பட்ட நிகழ்ச்சிகள் ஒருமுறையன்று, பலமுறை நேர்ந்துள்ளன. காப்பதற்காகத் திருடியதைப் பின்பு வேறொருவன் திருடிச் செல்கிறான்.

உண்மை என்றேனும் வெளிப்படும். அன்று பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் யாது? அன்புடையோரும் மறைந்திருந்தே செயல்படுவர் என்பதே. அதன்பின் 'இதை வீட்டில் சொல்லாதே' என்று அயலான் கூறும்போது, அது அப்பிள்ளைக்குப் புதிய மொழியாகத் தோன்றாது.

சேலினி தேவி இட்ட இரண்டு இருக்கைகள்

சிரேணிக மன்னரின் திருமகன் வாரிஷேணர் துறவு பூண்ட பின், அவருடைய நண்பர் புட்பதாலரும் துறவறம் ஏற்றார். ஆனால் புட்பதாலரின் உள்ளம் விட்டு வந்த மனைவியையே நாடிக்கொண்டிருந்தது. அதை அறிந்த வாரிஷேண முனிவர், நண்பரை நிலைநிறுத்த எண்ணி அவரையும் உடனழைத்துக்கொண்டு தம் தந்தையின் அரண்மனைக்கே வந்தார்.

துறவியாகிய மகன் அரண்மனைக்கு வருவதைக் கண்ட தாய் சேலினி தேவிக்கு ஐயம் எழுந்தது. மகனின் ஒழுக்கம் தளர்ந்துவிட்டதோ என்று அஞ்சினாள். ஆயினும் அவள் அவரைத் தூற்றவில்லை. பின்தொடர ஒற்றரையும் ஏவவில்லை. இரண்டு இருக்கைகளை அவர் கண்முன் இடச் செய்தாள். ஒன்று அலங்காரம் மிக்கது. மற்றொன்று துறவிக்கேற்ற எளியது. வாரிஷேணர் எளிய இருக்கையில் அமர்ந்தார். தாயின் ஐயம் அந்நொடியே அகன்றது.

ஐயம் தோன்றுவது தாய்க்குக் குற்றமன்று. அது அன்பின் நிழல். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் முறையில்தான் அறம் இருக்கிறது. சேலினி தேவி தேர்வை மகன் கையில் கொடுத்தாள். மகனும் தன் தேர்வைத் தாயின் கண்முன் செய்தார். பிறகு முனிவர் தம் முன்னாள் மனைவியரை அணிகலன்களோடு வரச் செய்து, 'இவர்களையும் இவ்வரசையும் நீரே கொள்க' என்று நண்பரிடம் கூறினார். புட்பதாலர் நாணினார், உண்மைத் துறவில் நிலைபெற்றார். நழுவினோரை நிலைநிறுத்துதல் என்னும் ஸ்திதிகரண அங்கத்திற்கு வாரிஷேணரே எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறார்.

பிள்ளையின் உடன்பாடு

'பத்து வயதுப் பிள்ளையிடம் உடன்பாடு கேட்பதா? கைப்பேசி நாம் வாங்கியது. மாதக் கட்டணமும் நாமே கட்டுகிறோம்' என்பாரும் உண்டு. கருவி நம்முடையது, மெய்தான். அதனுள் செல்லும் குரலோ பிள்ளையுடையது.

மனிதப் பிறவி எய்திய உயிர், எட்டு வயது நிரம்பிய பின் விரதம் ஏற்கும் தகுதி பெறும் என்பது நம் மரபு. விரதத்தையே ஏற்கத்தக்க உள்ளத்தினிடம், 'உன் அழைப்புகளை நாங்கள் பார்க்கலாமா?' என்று கேட்பது மிகையாகாது. கேட்கும் முறையும் முக்கியம். 'சம்மதிக்காவிட்டால் பார்' என்று உறுத்துப் பெறும் இசைவு இசைவாகாது. 'உன்னை நம்பவில்லை' என்று தொடங்குவதும் தவறு. 'உன்னிடம் ஐயமில்லை, உன்னை அழைப்போர் யாவரென்று உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நீ தனியே சுமக்க வேண்டாம். சில ஆண்டுகள் மூவரும் சேர்ந்தே பார்ப்போம்' என்று கூறினால் எந்தப் பிள்ளையும் செவிசாய்க்கும். மறுத்தால், கைப்பேசியை இன்னும் சில காலம் தள்ளிவைக்கலாம். தேவைக்குப் பெற்றோர் கைப்பேசியில் பேசச் சொல்லலாம். அதையும் மறைக்காமல் முகத்துக்கு நேரே கூறிச் செய்யலாம்.

யமம், நியமம் என விரதத்தை இருவகையாகப் பிரிப்பர். வாழ்நாள் முழுமைக்கும் உரியது யமம். கால எல்லை உடையது நியமம். பிள்ளையின் அழைப்புகளைக் கவனித்தல் நியமமாகவே இருத்தல் வேண்டும். எல்லையில்லாக் காவல் சிறையாகிவிடும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அமர்ந்து பேசித் தளர்த்தத்தக்கதைத் தளர்த்த வேண்டும்.

இல்லத்தில் கொள்ளத்தக்க நியமங்கள்

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி தேவையில்லை. பெற்றோர் கைப்பேசியில், பெற்றோர் அருகிருக்க, பெயர் பதிந்துள்ள உறவினரோடும் நண்பரோடும் பேசினால் போதும்.

பத்து முதல் பதினான்கு வரை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். அல்லது கூடத்திற்கு வந்து, ஒலிபெருக்கியில் வைத்துப் பேச வேண்டும். வாரம் ஒருமுறை, அழைப்புப் பட்டியலைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பிள்ளை உறங்கிய பின் பார்க்கும் வழக்கம் அறவே கூடாது. யார் அழைத்தார் என்பதைக் கேட்கலாம்; தோழியோடு பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்க வேண்டியதில்லை. பேச்சைப் பதிவு செய்தல் வேண்டவே வேண்டாம். அப்பேச்சில் பாதி, இசைவு தராத அயல்வீட்டுப் பிள்ளையுடையது.

பதினைந்து முதல் பதினெட்டு வரை, பட்டியலைப் பார்ப்பதும் குறைய வேண்டும். புதிதாக அறிமுகமானோர் யார், பணமோ படமோ கேட்டோர் உண்டா, அச்சுறுத்தியோர் உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கு உண்மை கூறுவதாகப் பிள்ளை ஏற்றுக்கொண்டால் போதும். சென்னையிலோ பெங்களூரிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடம் நம் கண் செல்லாது. இந்நம்பிக்கை ஒன்றே அவர்களோடு செல்லும்.

கருவியின் துணையை நாடுவோர், பிள்ளைக்கு வெளிப்படையாகத் தெரியும் வழிகளையே நாடுக. கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க், ஆப்பிள் கைப்பேசிகளில் உள்ள ஸ்கிரீன் டைம் போன்றவை பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே அமைக்கத்தக்கவை. கைப்பேசியைப் பயன்படுத்தும் நேரத்திற்கும், புதிய செயலிகளைச் சேர்ப்பதற்கும் அவற்றால் வரம்பிடலாம்.

பிள்ளைக்கு நியமம் கூறும் பெற்றோர்க்கும் நியமம் உண்டு. உண்ணும்போது கைப்பேசியைத் தொடாதிருத்தல், கடன்காரர் அழைத்தால் 'அப்பா வீட்டில் இல்லை என்று சொல்' என்று பிள்ளையை ஏவாதிருத்தல் என்பன அவற்றுட் சில. பொய்யைத் தாம் சொல்லாமல் பிள்ளையைச் சொல்லச் செய்தாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றினுள் ஒன்றாக அது வினையை ஈட்டவே செய்யும். உண்மையைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் இல்லத்தில் உண்மை பெரியவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

அறிந்த பின் செய்வது

பிள்ளை திறந்து காட்டியதில் ஏதோ தீங்கு தென்பட்டால் என் செய்வது? காவல் காவலாக நிற்குமா, களவினும் கொடியதாகுமா என்பது இந்நொடியில் தெரியும்.

பகவதி ஆராதனை என்னும் பெருநூல், ஆசாரியர்க்கு வேண்டும் குணங்களுள் அபரிசிராவித்வம் என்பதைக் கூறுகிறது. ஒழுகாத தன்மை என்பது அதன் பொருள். மாணாக்கர் தம் குற்றங்களை மனம் திறந்து ஆசாரியரிடம் கூறுவர். காய்ச்சிய இரும்பு குடித்த நீர் வெளியே வாராதது போல, அது அவரிடமிருந்து ஒருபோதும் வெளிப்படாது. ஆசாரியர் ஒருமுறை ஒழுகவிட்டால், அதன்பின் எந்த மாணாக்கரும் ஆலோசனை செய்யார். தாய் தந்தையரும் அப்படியே. மகள் கூறியதை அத்தையிடமும் சித்தியிடமும் கூறினால், அவள் வாய் அன்றோடு மூடிக்கொள்ளும். சத்திய விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள், மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்துதலும், குறிப்பால் அறிந்த பிறர் இரகசியத்தைப் பரப்புதலும் இரண்டு என்பதை மறவாதிருப்போம். சொன்னது உண்மையே ஆயினும் அது சத்திய விரதத்திற்குக் குற்றம் என்பது நம் ஆசாரியர்களின் நுண்ணறிவு.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் பிறர் குறையை மறைப்பது. ஸ்திதிகரணம் நழுவியவரை நிலைநிறுத்துவது. வாத்ஸல்யம் கன்றிடம் பசு காட்டும் அன்பு போன்றது. பிள்ளையிடம் இம்மூன்றும் வேண்டும். ஏமாந்த பிள்ளையை 'நீ ஏன் பேசினாய்?' என்று குற்றவாளியாக்காமல், 'சொன்னாயே, நன்று செய்தாய்' என்று தொடங்குக. கைப்பேசியைப் பறித்துவிட்டால் சொன்னதற்கே தண்டனை என்றாகும்.

ஆயினும் உபகூகனம் என்பதற்குத் தீயோனை மறைத்தல் என்று பொருள் கொள்ளலாகாது. குடும்பப் பெயர் கெடும், நாளை திருமணம் தடைப்படும் என்றஞ்சி வாளாவிருந்தால், அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் செல்வான். பிள்ளையின் பெயரை மறைப்பதே அறம். அவன் செயலை மறைப்பது அவனுக்கு உடன்படுதலாகும். வந்த செய்திகளையும் எண்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண் இரவும் பகலும் இயங்குகிறது. பணம் பறிபோயின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு எதிரான இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழந்தையின் அடையாளம் வெளிப்படாமல் காப்பதையும் அச்சட்டமே வலியுறுத்துகிறது.

நிறைவுரை

சிராவகப் பெருமக்களே! தமிழ் மண்ணில் நம் சமுதாயம் சிறியது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் சுற்றிய சிற்றூர்களில் ஒரு வீட்டுச் செய்தி மறுநாள் ஊர்ச் செய்தியாவதை அறிவோம். அந்நெருக்கம் துன்பத்தில் கைகொடுப்பதும் உண்டு. பிள்ளைகளின் வாயை அடைப்பதும் உண்டு. எது நேர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

பத்து அறங்களுள் மூன்றாவது உத்தம ஆர்ஜவம்; மனம், மொழி, மெய் மூன்றும் கோணாது ஒன்றியிருத்தல். தசலட்சண பருவத்தில் அவ்வறத்திற்குரிய நாளில், ஜினாலயம் சென்று வணங்கித் திரும்பியதும், பெற்றோரும் பிள்ளைகளும் கூடத்தில் ஒன்றாக அமருங்கள். தாய் தந்தையரும் தம் கைப்பேசிகளை முன்னே வையுங்கள். எதைப் பார்ப்போம், எதைப் பார்க்கமாட்டோம், எதுவரை பார்ப்போம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை மாற்றச் சொல்வதை மாற்றுங்கள். பிறகு அனைவரும் கையொப்பமிட்டு, பூசை அலமாரியில் வையுங்கள்.

பிள்ளை தானே கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளும்போது நாம் காவலர். கொடாததைக் கவரும்போது, பெற்றவரே ஆயினும், கொள்ளலாகாததைக் கொண்டவர் ஆவோம். தீங்கு வரும் நாளில் 'அம்மா, ஒருவன் அழைக்கிறான், அச்சமாக இருக்கிறது' என்று பிள்ளை ஓடிவரும் வீடாக நம் வீடு இருக்குமாயின், அதனினும் வலிய காவல் வேறில்லை. அத்தகைய இல்லங்கள் நம்மிடையே பெருகிட அருகப் பெருமான் திருவடிகளைச் சிந்தித்து வணங்குவோம்.

அறம் வளர்க! அன்பு நிலைபெறுக!